பெட்டிக்குள் மூன்றாவது குரல்

ரேடியோவுக்கே லைசென்ஸ் வாங்க வேண்டிய காலம். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்த கொழுந்தனார், ஒயரில்லாமல் பேசும் இரண்டு பெட்டிகள் கொடுத்தார். வீட்டில் ஒன்று, வயலில் மோட்டார் கொட்டகையில் கணவரிடம் ஒன்று.

"இன்னாங்க, சோறு ஆறுது" என்று ஒரு மத்தியானம் கூப்பிட்டேன்.

"யாரு அது பேசறது?" என்று வேறொரு ஆண்குரல் கரகரப்பாக அதட்டியது.

போலீஸ்தான்! எங்கள் பெட்டிகளுக்குத்தான் லைசென்ஸே இல்லையே. பாழாய்ப்போன பெட்டிகளைக் கிணற்றில் போட்டோம். அதன்பின் ஜீப் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திவிடுவேன்.

ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அடுத்த தெருப் பட்டாளத்துக்காரர் மனைவி என்னிடம் கிசுகிசுத்தாள்:

"எங்க வூட்ல ஒயரில்லாம பேசற பெட்டி இருந்துச்சுக்கா. ஒருநாள் அதுல எவளோ 'சோறு ஆறுது'ன்னு கூப்பிட்டா. இவரு அதட்டினாரு, பதிலே இல்ல. சி.ஐ.டி.ன்னு பயந்து ஏரியில போட்டுட்டோம்."

அந்த எவளோ நான்தான் என்று சொல்ல அப்போதும் எனக்குத் தைரியம் வரவில்லை.