ஏகாம்பரத்தின் இரண்டு ரூபாய் நோட்டு

போன செவ்வாய்க்கிழமை நெமிலிச்சேரியில் ரயில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலை எட்டு மணிக்கு ஜன்னலோரம் கிடைப்பதே ஒரு செய்திதான்... அதை விடுங்கள்.

எதிர் சீட்டில் ஒரு பெண். மடியில் டிபன் பை. ஆவடி தாண்டியதும் காற்றில் ஏதோ பறந்துவந்து அவர் கண்ணில் விழுந்தது. "ஸ்..." என்று கண்ணைப் பொத்திக்கொண்டார். அவ்வளவுதான் — எங்கள் பெட்டியில் இத்தனை டாக்டர்கள் பயணம் செய்கிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது!

"ஊதினா போயிடும்" என்றார் ஒருவர். "அந்தக் கண்ணை விட்டுட்டு இந்தக் கண்ணைக் கசக்கும்மா" என்றார் இன்னொருவர். "மூணு தரம் துப்பு" என்று மேல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தவர் சொன்னார். எங்கே துப்புவது? அவர் மேலேயா? ஒரு வயதான அம்மாள், தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டால் உடனே கேட்கும் என்று சொல்லிவிட்டுப் பெட்டி முழுக்க ஒரு பார்வை பார்த்தார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கடைசியாக ஒரு சஃபாரி சூட்காரர் எழுந்தார். கர்ச்சீப்பின் முனையை ஊசி மாதிரி முறுக்கிக்கொண்டு, "இமையைத் தூக்கிப் பிடிங்க, எடுத்துடறேன்" என்று குனிந்தார்.

நான் எழுந்துவிட்டேன். "சார், வேண்டாம்... கண்ணுக்குள்ளே எதையும் விடாதீங்க!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன், நீங்க டாக்டரா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு பத்து வருஷம் பின்னால் போக வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்போது ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். பம்ப்புக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஷெட். நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா, ஆட்களின் வருகைக் கார்டு பார்ப்பவன். ஒரு நாள் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று புதிதாக ஒரு முதலுதவிப் பெட்டி வாங்கி என் தலைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார்கள். பெட்டி இருந்தால் போதாதாம், பயிற்சி பெற்ற ஆள் ஒருவரும் வேண்டுமாம். மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். பெட்டிக்குக் கீழே நான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்து. சுட்டுக்கொண்டால் இங்க் தடவாதே, பச்சைத் தண்ணீரில் காட்டு. ஷாக் அடித்தவனைத் தொடாதே, முதலில் மெயினை அணை. கண்ணைப் பற்றியும் சொன்னார்கள். வெறும் தூசு என்றால் தண்ணீர் விட்டுக் கழுவு. கழுவியும் போகவில்லையா, கருவிழியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா — தொடாதே. கண்ணை அழுத்தாமல் ஒரு கப்பைக் கவிழ்த்துக் கட்டு. ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும், அதனால் நல்ல கண்ணையும் மூடு. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. கைதட்டி சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். ஃபிரேம் போட்டு மாட்டினேன்.

ஒருவரும் வரவில்லை. தலைவலித் தைலம் கேட்டு வாட்ச்மேன் வந்ததோடு சரி.

காரணம், ஏகாம்பரம். திருமுல்லைவாயில்காரர், லேத் ஓட்டுபவர். எங்கள் ஷெட்டின் கண் டாக்டர் அவர்தான். லேத், கிரைண்டிங் என்றால் இரும்புப் பிசிறு தெறிக்கும். கண்ணில் விழும். கண்ணுக்குப் போட கம்பெனி கொடுத்த கண்ணாடிகள் எல்லாம் வரிசையாக ஆணியில் தொங்கும் — வியர்வையில் புகை மூடி ஒன்றும் தெரியவில்லையாம். பிசிறு விழுந்தால் ஏகாம்பரத்தைக் கூப்பிடுவார்கள். அவர் மெஷினை நிறுத்துவார். கையைப் பனியனில் துடைப்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் காகிதத்தைப் பிரித்து, உள்ளேயிருந்து மொடமொடப்பான இரண்டு ரூபாய் நோட்டை எடுப்பார். அந்த நோட்டு செலவுக்கு அல்ல. அதன் மூலையை மடித்துக் கூராக்கி, ஆளை வெளிச்சத்தில் நிறுத்தி, இமையைப் புரட்டி, ஒரே இழுப்பு. நோட்டின் நுனியில் கருப்பாக ஒரு புள்ளி இருக்கும். அதை எல்லோருக்கும் காட்டுவார். கை நடுங்கியதே கிடையாது. பக்கத்து ஷெட்டிலிருந்தெல்லாம் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு வருவார்கள்.

எனக்குப் பொறாமை. ஒப்புக்கொள்வதில் என்ன இருக்கிறது? சர்ட்டிபிகேட் என்னிடம், கூட்டம் அவரிடம்.

கிரைண்டிங்கில் மஸ்தான் என்று ஒரு பையன்... பையன் என்ன, இருபத்தாறு வயது ஆள். பூந்தமல்லியில் அவன் அப்பாவுக்குத் தையல் கடை. வேலை முடிந்து போய் அங்கே பட்டன் துளைக்குக் காஜா எடுப்பான். அவன் எடுத்த காஜா மெஷினில் அடித்த மாதிரி இருக்கும் என்பார்கள். தீபாவளி, ரம்ஜான் சமயத்தில் அவன் கண்தான் அந்தக் கடையின் மூலதனம்.

ஒரு மத்தியானம் கிரைண்டிங் வீல் முன்னாலிருந்து "யம்மா" என்று கத்தினான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். தண்ணீர் விட்டுக் கழுவினேன். போகவில்லை. குனிந்து பார்த்தேன். கருவிழியில், சரியாக நடுவுக்குப் பக்கத்தில், ஒரு கடுகில் பாதி கூட இருக்காது, பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது.

"தொடக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன்.

"இன்னா சார் நீ... ஆஸ்பத்திரி போனா நாளு பூரா பூடும். அண்ணாத்தே ஒரு செகண்டுல எட்த்துடுவாரு" என்றான் மஸ்தான், கண்ணில் நீர் வழிய.

ஏகாம்பரம் நோட்டோடு வந்துவிட்டார். இமையைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது.

"தொடாதீங்க ஏகாம்பரம்" என்றேன் மறுபடி.

"ரெண்டு நாளு க்ளாஸுக்குப் போய்ட்டு வந்து இவரு சொல்றாரு பாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எட்டுப் பேரும் சிரித்தார்கள். நான்? நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

ஒரு இழுப்பில் வரவில்லை. இரண்டு... மூன்று. நான்காவதில் வந்தது. கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள் மஸ்தான் வரவில்லை. கண் சிவந்து, சீழ் வைத்து, அப்புறம் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் கருவிழியில் வெள்ளையாக ஒரு தழும்பு தங்கிவிட்டது. ஒன்றரை மாதம் கழித்து வந்தவனை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கார்டு வாங்க டைம் ஆபீஸ் வந்தவனிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"தெரியுது சார். இன்னா, ஊசில நூலு கோக்கத்தான் தங்கச்சிய கூப்ட வேண்டிதா கீது."

அவன் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த ஒரு அடி பின்னால் போனேனே... அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏகாம்பரம் நிறுத்தினாரா என்று கேட்கிறீர்களா? இல்லை. ஆட்கள் வருவதும் நிற்கவில்லை. "மஸ்தான் கசக்கிட்டான், அதான்" என்று அவர்களே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள்.

நாலைந்து மாதம் போயிருக்கும். டைம் ஆபீஸ் வாசலில் ஏகாம்பரம் வந்து நின்றார். இடது உள்ளங்கை இடது கண் மேல், தொட்டும் தொடாமலும். பின்னாலேயே மூன்று பேர், ஆளுக்கொரு நோட்டை மடித்துக்கொண்டு. குருவுக்கே வைத்தியம் பார்க்கும் வாய்ப்பு, விடுவார்களா?

"கிட்ட வராத! ஒருத்தனும் கைய வெக்காத!" என்று அவர்களைப் பார்த்து இரைந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "சார்... கப்பு வச்சி கட்டணும்னு இன்னாவோ சொல்வியே, அத்த கட்டு" என்றார்.

கட்டினேன். நல்ல கண்ணையும் சேர்த்து. என் சர்ட்டிபிகேட்டுக்கு வந்த முதல் கேஸ். பெருமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை, கோபம்தான் வந்தது. ஆட்டோவில் போகும்போது கேட்டேவிட்டேன்: "உங்க கண்ணுன்னா மட்டும் ஆஸ்பத்திரியா ஏகாம்பரம்?"

இரண்டு கண்ணும் கட்டியிருந்த மனிதர் என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

"அன்னிக்கு மஸ்தான் கண்ண பாத்தப்பவே தெரியும் சார், இது நம்ம கைக்கு ஆவாதுன்னு. எட்டு பேரு சுத்தி நின்னு பாத்துக்கினு கீறானுங்க. என்னால முடியாதுன்னு எப்டி சார் சொல்றது?"

அதே எட்டுப் பேருக்குப் பயந்துதானே நானும் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து விட்டு மரக்கவைத்து, கருவி வைத்துப் பிசிறை எடுத்தார்கள். ஒரு வாரத்தில் கண் சரியாகிவிட்டது. பிசிறு எடுத்த அன்று திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். நான் பர்ஸை எடுப்பதற்குள் ஏகாம்பரம் சட்டைப் பையில் கைவிட்டார். பிளாஸ்டிக் காகிதத்தைத் தடவிப் பிரித்து, அந்த இரண்டு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். மூலை மடிந்திருக்கிறதே என்று கண்டக்டர் முணுமுணுத்தபடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

முதலுதவி என்றால் ஓடிப்போய் ஏதாவது செய்வது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சும்மா நிற்பவனைக் கண்டால் நமக்குப் பிடிப்பதில்லை. இடித்துக்கொண்டால் காப்பித்தூள், வெட்டிக்கொண்டால் மஞ்சள், மயங்கி விழுந்தவன் வாயில் சோடா... கையை வைத்தால்தான் உதவி. பெட்டியில் பஞ்சு இருக்கிறது, டிஞ்சர் இருக்கிறது. "இது எனக்குத் தெரியாது" என்று எட்டுப் பேர் முன்னால் சொல்வதற்கு எந்தப் பெட்டியில் மருந்து இருக்கிறது?

சரி, ரயிலுக்கு வருவோம். அந்தப் பெண்ணின் டிபன் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. இமையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை விட்டு, சிமிட்டச் சொன்னேன். இரண்டு முறை. திருமுல்லைவாயில் வருவதற்குள் தூசு போய்விட்டது. புடவைத் தலைப்பு நனைந்ததோடு சரி.

சஃபாரி சூட்காரர் மட்டும் முறுக்கிய கர்ச்சீப்போடு நின்றுகொண்டே இருந்தார். பெட்டியே பார்த்துக்கொண்டிருந்தது.

"கேட்டதுக்குப் பதிலே சொல்லலியே... நீங்க டாக்டரா?"

"இல்லீங்க. அதனாலதான் தொட வேணாம்னு சொன்னேன்."