செமிகோலன் உட்பட ஒப்பித்தோம்

என் மகள் படிக்கும் முறை ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒன்றுதான். படித்து முடித்ததும் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து ஒப்பிப்பாள். செய்யுள், வரலாறு, வேதியியல் சமன்பாடு எல்லாமே அப்படித்தான். ஒரு சொல் மாறினாலும் நிறுத்திவிடுவேன். ப்ளஸ் டூவில் அவள் வாங்கிய மதிப்பெண்ணில் பாதி என்னுடையது என்று என் கணவர் கேலி செய்வார். நான் மறுத்ததில்லை.

இரண்டாயிரத்து எட்டில் சிதம்பரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். கடலூர் முதுநகரிலிருந்து, டிக்கெட் வாங்கும்போது ‘கடலூர் ஓட்டி’ என்று சொல்லும் எங்கள் ஊரிலிருந்து, தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். முதல் வருடத்திலேயே சி மொழி வந்துவிட்டது. நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள்தான், ஆனால் என் கல்லூரி நாட்களில் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அதனால் என்ன? புத்தகம் என் கையில் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிப்பாள். ஹாஷ், இன்க்ளூட், அடைப்புக்குறி, கோலன், கமா.

“செமிகோலன் விட்டுட்ட” என்பேன்.

“செமிகோலன்” என்று சேர்த்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போவாள்.

லேப் தேர்வில் சீட்டு எடுத்து எந்த புரோகிராம் வருகிறதோ அதை எழுத வேண்டும். எல்லா புரோகிராமும் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். எனக்கும் பாதிக்கு மேல் தெரியும். அந்தத் தேர்வில்தான் அவள் தோற்றாள். அடுத்த பருவத்தில் அந்த அரியரை மறுபடி எழுதப் போனவள், சாயங்காலமாகியும் வீடு திரும்பவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

நானும் என் கணவரும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். அந்தப் பயணத்தை இப்போதும் முழுதாக நினைத்துப் பார்க்க என்னால் முடியாது. எதிரில் வந்த ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னல்களையும் தேடிக்கொண்டே போனேன். பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் நிற்கும் இடத்தில், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பொண்ணு மத்தியானத்திலிருந்து இங்கேயேதான் இருக்கிறது, எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை என்று பழக்கடைக்காரம்மா சொன்னார்.

“ஏம்மா இப்டி பண்ண?” என்று கேட்டார் என் கணவர்.

“எக்ஸாம்லருந்து பாதில வந்துட்டேன்பா” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மறுநாளும் இல்லை. காலேஜுக்குக் கிளம்பவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். கூப்பிட்டால் சாப்பிட வந்தாள். நான் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். அவள் அதையும் பார்த்தாள்.

என் பிள்ளையை இப்படி அடித்துப் போட்டது எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எங்கள் தெருமுனையில், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. என் கணவர் நைட் ஷிப்ட் முடிந்து மகளுக்குத் துணையாக வீட்டில் இருக்கும் காலை நேரத்தில் அங்கே சி வகுப்பில் சேர்ந்தேன்.

சொல்லிக்கொடுத்த மேடத்துக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முதல் நாள் எங்கள் மூவரையும் பார்த்து, “யாரு எதுக்கு வந்திருக்கீங்க, சொல்லுங்க” என்றார்.

லால்பேட்டையிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு பெண் முதலில் சொன்னாள். “ஸ்கூல்ல நான்தான் மேடம் பர்ஸ்ட் ரேங்க். ப்ளஸ் டூ முடிச்சதும் நிக்காஹ் பண்ணிட்டாங்க. எனக்கு அடுத்த ரேங்க் எடுத்தவ இப்ப மெட்ராஸ்ல சாப்ட்வேர்ல இருக்கா. அப்டி இன்னாதான் பண்றா அவ, பாத்துடணும்.”

அடுத்தவர் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்ப்பவர். கொஞ்சம் நெளிந்தார். “எனக்கு நிச்சயம் ஆயிருக்கு. பொண்ணு கம்ப்யூட்டர் இன்ஜினியர். போன்ல அவுங்க வேலையப் பத்திப் பேசுறாங்க. நான் உம் கொட்டிக்கினே இருக்கேன். எத்தினி நாளைக்கு உம் கொட்டுறது?”

“கல்யாணம் ஆனப்புறமும் அதான் மாப்ள சார், அதுக்கு கிளாஸ் வாணாம்” என்றாள் லால்பேட்டைப் பெண். அவரே முதலில் சிரித்தார்.

என் முறை வந்தது. “வீட்ல சும்மாதான் இருக்கேன். பொழுது போகணும்ல” என்றேன்.

“நீங்க எதுக்கு மேடம் படிச்சீங்க?” என்று லால்பேட்டைப் பெண் அவரையும் விடவில்லை.

“எங்கண்ணன் புக்கெல்லாம் வாங்கி வச்சிட்டுப் படிக்காம சுத்திக்கினு இருந்தான். அப்பா தெனமும் திட்டுவாரு. அவனை வெறுப்பேத்தத்தான் படிச்சேன்” என்றார் மேடம்.

ஐந்து மதிப்பெண்களைக் கூட்டும் புரோகிராம் வந்த அன்று, நான் புத்தகத்தைப் பார்க்காமல் ஒரே மூச்சில் எழுதிக் காட்டினேன். மகளை ஒப்பிக்க வைத்ததில் எனக்கே மனப்பாடமாகியிருந்தது. மற்ற இருவரும் வாயைப் பிளந்தார்கள். மேடம் மட்டும் திரையில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

“இத எடுத்துட்டா என்னக்கா ஆகும்?”

“தப்பாயிடும்.”

“எப்டித் தப்பாகும்?”

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் நான் மகளிடம் கேட்டே இராத கேள்வி அது. அடுத்த வரி என்ன என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

அப்போது கரண்ட் போய்விட்டது. அந்த வருடம் அது தினப்படி நடப்பதுதான். கரண்ட் இல்லாத நேரத்துக்கென்று மேடம் ஒரு வழி வைத்திருந்தார். காகிதத்தில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் எழுதி, நாமே மெஷின் மாதிரி வரி வரியாகப் போக வேண்டும். மதிப்பு மாறினால் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். இந்தக் கூட்டலையே, விரல் வைத்த அந்த வரி இல்லாமல், வீட்டில் செய்துகொண்டு வரச் சொன்னார்.

அன்று மத்தியானம், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு உட்கார்ந்தேன். மகள் பக்கத்தில் படுத்திருந்தாள். மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம், மொத்தத்துக்கு ஒரு கட்டம். முதல் மதிப்பெண்ணைக் கூட்டப் போனேன்.

“மொத்தத்தோட கட்டத்துல இன்னா இருக்கு?” என்று குரல் வந்தது. அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஒண்ணுமில்ல. காலி.”

“காலியா இருக்காதும்மா. நாம சைபர் போட்டு ஆரம்பிக்கலன்னா, முன்ன அந்த எடத்துல எது கெடந்துதோ அது அப்டியே இருக்கும். அதோடதான் கூட்டும்.” என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். “அன்னிக்கு எக்ஸாம்ல அந்த ஒரு வரியத்தான் நான் விட்டுட்டேன். மெஷின் எரர் எதுவும் காட்டல. அஞ்சு மார்க்கக் கூட்டுனா மைனஸ்ல வருது. எங்கருந்து வந்துச்சு இதுன்னு எக்ஸாமினர் கேட்டாரு. மொதல்லருந்து மனசுக்குள்ள ஒப்பிச்சுப் பாத்தேன். எங்க விட்டேன்னே தெரில. எழுந்து வந்துட்டேன்.”

“சரி. பஸ் ஏறி வீட்டுக்கு வர்றதுக்கு இன்னா?”

அவள் காலண்டர் தாளின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

“நீ புக்க எடுத்து வச்சிக்கினு, எந்த வரி விட்டேன்னு பாப்ப.”

ஆமாம், பார்த்திருப்பேன். அதைத்தான் முதலில் செய்திருப்பேன்.

அழக்கூடாது என்று எழுந்து சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் அந்தக் கட்டத்தில் சைபர் போட்டு, மிச்சக் கணக்கை முடித்து வைத்திருந்தாள். அதற்கடுத்த நாட்களில் நான் வகுப்பில் வாங்கி வந்த சந்தேகங்களை அவள்தான் தீர்த்தாள். சில சமயம், “இது கூடவா தெரில?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத் தெரிந்ததையும் தெரியாத மாதிரி கேட்டிருக்கிறேன். மறு வாரமே காலேஜுக்குக் கிளம்பிவிட்டாள்.

அரியர் தேர்வு மறுபடி வந்தது. முந்தின நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். புத்தகம் அவள் மடியிலேயே இருந்தது. காலையில் கூட வருகிறேன் என்றேன்.

“வேணாம்மா. நீ கிளாஸுக்குப் போ.”

போனேன். அங்கே எதுவும் ஓடவில்லை. கரண்ட் இருந்தும் எனக்குத் திரை தெரியவில்லை. மத்தியானத்துக்கு மேல் போன் அடித்தது.

“பஸ் ஏறிட்டேன்மா.”

“சரிம்மா.”

“எப்டி எழுதுனேன்னு கேக்க மாட்டியா?”

கேட்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. “வீட்டுக்கு வா” என்றேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கும் குரல் கேட்டது. “கடலூர் ஓட்டி ஒண்ணு” என்று அவள் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.