கல்லில் ஏறாத பெயரைத் தேடி ஆவுடையார்கோவிலுக்கு

காலை ஆறரைக்குக் கறம்பக்குடியில் பஸ் ஏறும்போதே சித்தப்பா ஆரம்பித்துவிட்டார்.

“ஒம் பூட்டன் துப்பாக்கியக் கண்ணால பாத்திருக்க மாட்டாருப்பா. ரங்கூன்ல அரிசி மூட்டை தூக்குனவரு.”

விஷயம் இதுதான். முதல் உலகப் போருக்கு எங்கள் ஊரிலிருந்து போனவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி ஊர் முகப்பில் வைக்கிறார்கள். என் அப்பாவின் தாத்தா பெரியதம்பியும் போனவர் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. வெறும் பேச்சுக்குக் கல்லில் இடமில்லை என்பது சித்தப்பாவின் பேச்சு. பங்காளியான அவர்தான் கல் வேலையைக் கவனிக்கிறார். சென்னைக்குப் போய்ப் பழைய ராணுவக் காகிதங்களிலிருந்து நான் எடுத்து வந்த நகலில் எங்கள் ஊருக்கு நேரே ஐந்து பெயர்கள் இருந்தன. பெரியதம்பி இல்லை. நான்கு பேரை ஊருக்குத் தெரிகிறது. ஐந்தாவது பெயர் அடைக்கலம். அது யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே நான்கு பெயர்களோடு நாளை கல்லை முடிக்கப் போகிறார்கள்.

“அவருக்கு ஆவுடையார்கோவில்ல ஒரு தங்கச்சி இருந்துச்சாம்ல” என்று அம்மா முந்தாநாள் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்பினேன். பெண் கொடுத்து எடுக்காமல் எப்போதோ அறுந்துபோன உறவு. நான் தோற்று வருவதைப் பக்கத்திலிருந்து பார்க்கச் சித்தப்பாவும் ஒட்டிக்கொண்டார்.

ஆலங்குடியில் பஸ் மாறி, அறந்தாங்கி வரும்போது பத்து மணி. டீ பன்னிரண்டு ரூபாய், சித்தப்பாவின் நக்கல் இலவசம். அங்கிருந்து ஆவுடையார்கோவில் பதினான்கு கிலோமீட்டர். எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டுச் சலித்த கண்டக்டர், “ஒங்க சண்டைய எறங்கிப் போடுங்க, இப்ப டிக்கெட்ட எடுங்க” என்றார்.

கோவில் கோபுரம் கண்ணில் பட்டதும் இறங்கினோம். கறம்பக்குடிப் பக்கமிருந்து வாழ வந்தவர்களின் குடும்பம் எது என்று ஒரு பூக்காரம்மாவிடம் விசாரித்தேன். “அங்கிட்டு சைக்கிள் கடைக்காரரக் கேளுங்க, அவுக அப்பத்தா அந்தப் பக்கந்தான்” என்றார்.

தெரு திரும்பியதும் நான் நின்றுவிட்டேன். கடைப் பலகையில் எழுதியிருந்தது: அடைக்கலம் சைக்கிள் மார்ட்.

பையிலிருந்து நகலை எடுத்துப் பலகையோடு ஒத்துப் பார்த்தேன். சித்தப்பா பலகையை இரண்டு தரம் படித்தார்.

பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். முறைக்கு எனக்கு மாமா. ஊர்ப் பெயரைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வாங்க மச்சான், வாங்க மாப்ள. இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?”

“பலகையில இருக்கிற அடைக்கலம் யாரு மாமா?”

“எங்க அப்பா. அவரோட தாய்மாமன் பேரத்தான் விட்டாக. மாமன் பட்டாளத்துல சேந்து கப்பலேறிப் போனவரு. அப்புறம் ஒரு தாக்கலும் இல்ல, தபாலும் இல்ல. அண்ணன் செத்துப்போச்சுன்னு அழுது தீத்துட்டு, பொறந்த புள்ளைக்கு அந்தப் பேரை விட்டுருச்சு எங்க அப்பத்தா. புள்ளை நடை பழகுற நேரத்துல, மனுசன் பட்டாளத்து டவுசரோட வாசல்ல வந்து நிக்கிறாரு.”

“என்ன சொன்னாராம்?”

“எம்பேரக் குடுத்துட்டியே, இனி நீ என்னைய எப்புடிம்மா கூப்புடுவேன்னாராம்.”

சித்தப்பா விடவில்லை. “அப்ப பெரியதம்பி யாரு?”

“அவருந்தான் இவரு. ஒங்க வீட்டுப் பொம்பளைகளக் கேளுங்க மச்சான். புருசன் பேரு, மாமனார் பேரு எது அவுக வாயில வந்துச்சு? கூடப் பொறந்த தங்கச்சிக்குத்தான அந்தத் தடை இல்ல.”

எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். பூட்டி கணவர் பெயரைச் சொல்லவில்லை, வந்த மருமகள் மாமனார் பெயரைச் சொல்லவில்லை. வீட்டுச் செல்லப் பெயரான பெரியதம்பியையே சொல்லிச் சொல்லி, தாத்தா கைநாட்டு வைத்த பத்திரத்திலும் ‘பெரியதம்பி மகன்’ என்று ஏறிவிட்டது. ராணுவத்துக்கு மட்டும் அவர் சொந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

சித்தப்பா நகலை என் கையிலிருந்து வாங்கி ஐந்தாவது பெயரில் விரலை வைத்தார். பிறகு கல்தச்சருக்குப் போன் போட்டார். “மெருகு போட்டுறாதப்பா. அடியில இன்னொரு வரிக்கு எடம் வை.” மாமா எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. மீன் குழம்பு, கட்டுமாவடியிலிருந்து காலையில் வந்த மீன். திரும்பும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்தவரிடம் சித்தப்பா, “எங்க பாட்டனார் பட்டாளத்துல” என்று கதையைத் தொடங்கியிருந்தார்.

பொழுது சாயச் சித்தப்பாவோடு வீடு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதும் அந்தப் பெயர் அவர் வாயில் வரவில்லை.

“எல்லாஞ் சரிப்பா. அந்தப் பேரை மட்டும் வெட்டிப்புட்டா, போறப்ப வாரப்ப நாங்கள்லாம் எப்புடி வாசிக்கிறது? பக்கத்துல பெரியதம்பின்னும் போடச் சொல்லு.”

சித்தப்பா மறுபடியும் போனை எடுத்தார்.