மூன்று முறை மூடிய வால்வு

இதை நம்பச் சொல்லி யாரையும் கேட்க மாட்டேன். கடவுளுக்குப் பயந்தவன் நான், கதை கட்டத் தெரியாது. ஆனால் ஒரு பொய்யை மட்டும் உண்மையென்று நம்பி, இரண்டு வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது எப்படித் தெரிந்தது என்பதுதான் இது.

பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டுவது என் தொழில். ஓட்டியது என் தம்பி. நான் கட்டிய இன்ஜின் ஒருநாள் ஓட்டத்தின் நடுவே வெடித்துத் தீப்பிடித்தது. தம்பி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தான். "நைட்ரஸை அளவுக்கு மேல விட்டுட்டான், சொன்னா எங்க கேக்கறான்" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அவன் மனைவியிடமும் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை.

நைட்ரஸ் என்பது பாட்டிலில் அடைத்த வாயு. பொத்தானை அழுத்தினால் இன்ஜினுக்குள் பாயும், வண்டி சீறும். சூடும் தாறுமாறாக ஏறும். சாதாரண வார்ப்பு பிஸ்டன் அதைத் தாங்காது என்று, அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடுவோம். போட்டுவிட்டால் யானை ஏறி நின்றாலும் உடையாது என்பது என் வாய்ப்பாடு.

போன மாதம் ஒரு பல் டாக்டரின் காருக்கும் அப்படித்தான் இன்ஜின் கட்டினேன். ஞாயிறு மதியம், மழை. பட்டறையில் நான் மட்டும். டாக்டர் போன் செய்தார்.

"அண்ணே, ராக்கெட் ரெடியா? நாளைக்கு வீட்டுக்காரியையும் உக்கார வச்சு ஒரு ரவுண்டு!"

"ஒருதரம் நைட்ரஸ் விட்டுப் பாத்துடறேன். சாயங்காலம் வாங்க."

"அவ பயந்து கத்தணும்ணே. கல்யாணமாகிப் பத்து வருஷமா நான்தான் கத்திட்டிருக்கேன்."

சிரித்தபடி வைத்தேன்.

மணி 3.10. நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்க்கும் சோதனை உருளைகள் மேல் காரை ஏற்றிக் கட்டினேன். டிக்கியில் இருந்த பாட்டிலின் வால்வைத் திறந்தேன். இன்ஜினை முடுக்கிப் பொத்தானை அழுத்தினேன். ஸ்ஸ்... ஒரு சின்னச் சீறல். அடங்கிவிட்டது.

இறங்கிப் பார்த்தால் வால்வு மூடியிருந்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

3.22. மறுபடி திறந்தேன். சீட்டில் உட்காரும்போதே பின்னால் கேட்டது. கிர்ர்... கிர்ர்... வால்வு திருகும் சத்தம்.

ஓடினேன். இறுக மூடியிருந்தது. பட்டறைக் கதவு உள்ளே தாழிட்டபடி.

3.31. திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். கண்ணெதிரே... வால்வு தானாகத் திரும்பியது.

மெல்ல...

என்னைப் பயமுறுத்த மனசில்லாத கை போல.



டிங்...

முன்பக்கம். இன்ஜின் மேல் இடைவெளி அளக்கும் தகட்டுக் கொத்து கிடந்தது. நான் அதை எடுக்கவே இல்லை. ஒரு தகடு மட்டும் வெளியே நீண்டிருந்தது.

அதில் பொறித்திருந்த அளவு 0.55 மில்லிமீட்டர்.

இந்த இன்ஜினில் நான் வைத்திருந்தது 0.35.

பிஸ்டன் வளையத்தின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி அது. நைட்ரஸ் சூட்டில் வளையம் நீளும். இடம் போதாவிட்டால் முனைகள் முட்டிப் பிஸ்டனின் தலையையே பிய்த்துவிடும், ஃபோர்ஜ்டு ஆனாலும் சரி. நான் வார்ப்பு பிஸ்டன் காலத்து அளவையே கைப்பழக்கத்தில் வைத்திருந்தேன்.

தம்பியின் இன்ஜினிலும் அதே கை. அதே அளவு.

டாக்டரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மழையோடு தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள்.

"தப்பு அவன்மேல இல்லம்மா. என்மேல."

"தெரியும் மாமா."

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உடைஞ்ச பிஸ்டனோட போட்டோவ அவரு ஆஸ்பத்திரியிலயே பாத்தாரு. பாத்ததுமே புரிஞ்சுடுச்சு. 'அண்ணன்கிட்ட சொல்லிடாத, தாங்க மாட்டாரு'ன்னாரு."

இரண்டு வருடம் அவன் பேரை நான் கெடுத்தேன். அவன் கேட்டுக்கொண்ட ஒரு சொல்லுக்காக இவள் வாய் திறக்கவில்லை. பெரிய பாவத்தைக் கடவுள் இப்படிச் சின்னச் சின்ன இரக்கங்களால்தான் மூடிவைக்கிறார் போலும்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான் சண்டகூடப் போட்டேன் மாமா. சொல்லாம விட்டா உங்கண்ணன் இன்னொருத்தருக்கும் இப்படியே செய்வாரேன்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"'செஞ்சார்னா நானே போய் மூடிடறேன்'னாரு. மருந்து மயக்கத்துல உளர்றாருன்னு விட்டுட்டேன்... எத மூடறேன்னாருன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல மாமா."