சுயம்புலிங்கத்தின் சந்தேக நோட்டு

சுயம்புலிங்கம் அண்ணனிடம் சாயாவை நீட்டினால், போட்டது யார் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். பைக்கை சர்வீசுக்கு விடும்போது பெட்ரோல் முள்ளை போட்டோ எடுத்துக்கொள்வார். பத்து வருடம் மஸ்கட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர், இப்போது குலசேகரத்தில் எங்கள் ரப்பர் பால் கொள்முதல் நிலையத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறார். சட்டைப்பையில் ஒரு நோட்டு. சந்தேகம் வந்தவர்களின் பெயர் நேரத்தோடு அதில் ஏறும். என் பெயர் இரண்டு முறை ஏறியிருக்கிறது. ஒரு தடவை சும்மா சிரித்ததற்கு.

நான் ரேஷ்மி. பால் கொண்டுவருகிறவரின் பெயர், போன் நம்பர், உத்தேசமான ரப்பர் சதவீதம் எல்லாம் முன்மேசையில் நான் பதிவேன். ஆய்வறையில் சுஜி பாலை உலர்த்தி எடை பார்த்து, சரியான சதவீதத்தை அதே பதிவில் மாற்றுவாள்.

கார்த்திகையில் சுஜி போட்ட எண்கள் தானாக மாறத் தொடங்கின. முப்பத்தாறு என்று அவள் சீட்டு கொடுத்த பாலுக்கு கம்ப்யூட்டரில் முப்பத்திரண்டு. ஜெயசிங் என்ற ரப்பர் தோட்டக்காரர், சதவீதம் குறைந்ததால் பணமும் குறைந்தது என்று சீட்டை மேசையில் அடித்துச் சத்தம் போட்டார்.

"வேற ஆரு? அவ மாமன் எதிர்க்கடையில பால் எடுக்கான். நம்ம பேரக் கெடுக்கத்தான் இங்க இருக்கா" என்றார் அண்ணன். சுஜியின் பையைத் திறந்து பார்த்தார். அவள் பாஸ்வேர்டைத் தினமும் மாற்றினார். கடைசியில் முதலாளி, சனிக்கிழமையோடு அவளை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார்.

"கள்ளின்னு பேரெடுத்துப் போனா எனக்கு ஆரு வேல தருவா?" என்று சுஜி என்னிடம் அழுதாள். தண்ணீர் கொடுத்துத் தேற்றினேன். ஆனாலும் வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கும் அவள்மேல் லேசாகச் சந்தேகம் இருந்தது.

வெள்ளிக்கிழமை சுஜி லீவு. அவள் நாற்காலியில் அண்ணனே உட்கார்ந்து, ஒரு பதிவில் முப்பத்தைந்து என்று போட்டார். அதே பதிவை முன்பே திறந்து வைத்திருந்த நான், போன் நம்பரில் ஒரு எண்ணைத் திருத்திச் சேமித்தேன். உள்ளேயிருந்து ஒரு கத்தல்.

"ஏட்டி ரேஷ்மி! நீ இப்பம் எத அமுக்கினே? நான் போட்டது முப்பத்தொண்ணா மாறிட்டு!"

"போன் நம்பரத்தான் மாத்தினேன்."

"பொய் சொல்லாத." நோட்டை எடுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டு சர்வர் அறைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

சர்வர் திரையில் கோப்புப் பூட்டு என்ற இடத்தில் 'வேண்டாம்' என்று இருந்தது. ஒருவர் திறந்ததை இன்னொருவர் மேலெழுதாமல் காப்பது அந்தப் பூட்டுதான். ஐப்பசிக் கடைசியில், இடிமழையில் கரண்ட் போய்வரும் போதெல்லாம், கோப்பு வேறொருவர் கையில் இருக்கிறது என்று சர்வர் அடம்பிடித்தது. வெளியே கேன்களோடு வரிசை. தாமதித்தால் பால் உறைந்துவிடும். பொறுக்க முடியாமல் பூட்டை எடுத்துவிட்டதும் அண்ணன்தான், திரும்பப் போட மறந்ததும் அண்ணன்தான். அதன்பிறகு, முன்பே திறந்து வைத்திருந்த பதிவை நான் சேமித்தபோதெல்லாம், அதிலிருந்த என் பழைய உத்தேச எண் சுஜியின் புது எண்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"இத வேற ஆராவது பாத்தாவளா?" என்றார் மெதுவாக.

"நான் பாத்தேன்" என்றேன்.

சனிக்கிழமை முதலாளி முன்னால் அண்ணன் சுஜியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "மக்கா, எனக்க தப்பாக்கும். நீ ஒண்ணும் செய்யல்ல."

முதலாளி சிரித்து, போய் வேலையைப் பார் என்றார். சுஜி நகரவில்லை.

"அந்த நோட்ட எடுங்க சாரே. இதையும் அதுல எழுதி, நேரம் போட்டு, ஒப்பு வையுங்க. நாளைக்கு மாத்திச் சொல்ல மாட்டீங்கன்னு நான் எப்படி நம்ப?"

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, சுஜியின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.