வீட்டுக்கு விடுகிற பரீட்சை

பல்லில்லாத ஆ கிம்முக்கு ரொட்டியைத் தேநீரில் நனைத்து ஊட்டிவிட்டுத்தான் தைலம்மை தன் குவளையைத் தொடுவாள். அந்தச் சீனக் கிழவி பதிலுக்குக் கிள்ளியிருக்கிறாள். தைலம்மை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

பிள்ளை பெற்ற காய்ச்சலில் புத்தி கலங்கி, மலேசியாவின் பேராக் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து இந்த மனநோய் மருத்துவமனைக்கு வந்தவள். புத்தி தெளிந்தது; கூட்டிப்போக ஆள் வரவில்லை. இப்போது வயது எழுபதும் தாண்டிவிட்டது.

டாக்டர் வந்தால் நிமிர்ந்து நிற்க வேண்டும், அப்போதுதான் வீட்டுக்கு விடுவார்கள் என்பது வார்டில் எல்லோருக்கும் பாடம். நோயாளிகள் 'மிசி' என்று கூப்பிடும் வார்டுப் பணிப்பெண் ரோசாரியும் அதைச் சொல்லித்தான் மருந்து விழுங்க வைப்பாள், குளிக்க வைப்பாள்.

புதிதாக வந்த டாக்டர் ஃபர்ஹானா, வயதானவர்களில் யார் தளர்ந்துபோனார்கள், யார் அதிக நாள் தாங்கமாட்டார்கள் என்று பார்க்க ஆரம்பித்தார். தளர்ந்தவர்களுக்குத் தனி வார்டு, கூடவே ஆள், குழைந்த கஞ்சி. சுவரைப் பிடித்து நடக்கும் தைலம்மைக்கு அங்கே ஒரு படுக்கை கிடைக்க வேண்டுமென்று ரோசாரி மாதாவிடம் மன்றாடியிருந்தாள்.

ஆனால் டாக்டர் பார்க்க வந்த அன்று, ரோசாரி கூப்பிட்டும் தைலம்மை கட்டிலைவிட்டு எழவில்லை.

"எதுக்கு மிசி? வீட்டுக்கு விடற பரீட்சையா?"

"ஆமா ஆயா, எந்திரிங்க," என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டாள் ரோசாரி.

அவ்வளவுதான். டாக்டர் முன்னால் உட்காரவைத்ததும் கிழவி பல்லைக் கடித்துக்கொண்டு, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தாள். விறுவிறுவென்று நடந்தாள். பிடியின் பலம் பார்க்க நீட்டிய டாக்டரின் விரல்களை நெரித்தாள்.

டாக்டர் கேட்டதை ரோசாரி தமிழில் சொன்னாள். "அசதியா இருக்கா ஆயா? எளைச்சிட்டீங்களா?"

"எனக்கா? பால்மரம் வெட்டிப் பாலெடுக்கக் கூப்பிடச் சொல்லு லா, இப்பவே போறேன்!"

டாக்டர் சிரித்துவிட்டார். கிழவி சும்மா தெம்பு காட்டுகிறாள் என்று சொல்ல ரோசாரிக்கு வாய்வரை வந்தது. வேர்த்துக் கிடந்த அந்த முகத்தில் அத்தனை சந்தோஷம். விழுங்கிவிட்டாள். படுக்கை வேறொருத்திக்குப் போயிற்று.

தைலம்மை துணிகளை நெகிழிப்பையில் கட்டிவைத்துக் காத்திருந்தாள். பிடித்து நடக்கக் கம்பிச்சட்டம் கொடுத்தால் தள்ளிவிட்டாள். "இதப் பிடிச்சா வீட்டுக்கு விடமாட்டாங்க மிசி!"

குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தது. பெரிய மருத்துவமனைக்குப் போக வண்டியில் ஏற்றினார்கள். அங்கிருந்து அவள் திரும்பவில்லை.

அன்று வண்டிக் கதவு சாத்துமுன் கிழவி ரோசாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வலியில் உதடு வெளுத்திருந்தது.

"டிரைவர் தம்பிகிட்ட சொல்லு மிசி. தோட்டத்து முச்சந்தியில எறக்கிவிட்டாப் போதும். மிச்சத்த நான் நடந்துக்கிறேன்."