விமானம் இறக்க ஒரு மைதானம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் விளையாட்டு மைதானத்தில் நடந்தது இது. இப்போது சொல்ல ஆரம்பித்தாலும் என் உள்ளங்கை வேர்க்கிறது.

நான் அந்தப் பகுதிப் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பிக்கிறவள். ஒருநாள் உடைந்த போனைத் திருத்தக் கொடுக்க டவுனுக்குப் போனேன். கடையின் கூரையிலிருந்து வெள்ளையாக ஒரு விமானம் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் விளையாடும் சாமான் என்று நினைத்து விலை கேட்டேன். கடைக்கார அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது.

"விக்கிறதுக்கு இல்லீங்க டீச்சர். இது நெசமாவே பறக்கும்" என்றார்.

பறக்கும் என்றதும் எனக்குப் போனே மறந்துவிட்டது. எப்படிப் பறக்கும், எவ்வளவு உயரம் போகும், யார் செய்தது என்று கேட்கக் கேட்க அவரும் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டார். அடுத்த கிழமையே நானும் அவருடைய கூட்டாளிகளில் ஒருத்தி. போன் கடை அண்ணன், ஒரு ஆட்டோக்காரர், வங்கியில் வேலை செய்யும் ஒரு சிங்களத் தம்பி, நான். இந்த நாலு பேர்தான் எங்கள் விமானச் சங்கம். மீன் வரும் ரெஜிபோம் பெட்டிகளை, அந்த லேசான வெள்ளை நுரைப் பெட்டிகளை, வெட்டி ஒட்டித்தான் விமானம் செய்வோம். மோட்டாரும் ரிமோட்டும் மட்டும் கொழும்பிலிருந்து வரும். முதல் விமானத்தில் எவ்வளவு பெயின்ட் அடித்தும் மீன் வாடை போகவில்லை. என் கணவர் அதை வீட்டுக்குள் எடுக்கவே விடவில்லை.

விமானம் செய்வது சுலபம். அதைப் பறக்கவிட ஒரு இடம் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. எங்கள் ஊரில் எங்கு பார்த்தாலும் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். விமானம் ஓடி எழும்பவும், வந்து இறங்கவும் மரமில்லாத, ஆளில்லாத சமதரை வேண்டும். பாடசாலை மைதானத்தில் முதல் நாளே விமானம் அதிபரின் அறைக் கூரையில் போய் உட்கார்ந்துவிட்டது. நுவரெலியாப் பக்கம் லீக்ஸ் மரக்கறித் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் முயற்சி செய்தோம். தோட்டக்காரர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். கைவிட்டுக் காடாகிப்போன தேயிலைக்குள் ஒரு திட்டு இருக்கிறது என்று ஆட்டோக்காரர் கூட்டிப் போனார். விமானம் ஒரு தடவைகூட எழும்பவில்லை. அட்டைகள்தான் எங்கள் கால்களில் ஏறின.

கடைசியில் அந்த மைதானத்தைக் கண்டது நான்தான். மாணவி ஒருத்தியின் வீட்டுக்குப் போய்விட்டுக் குறுக்குப் பாதையில் வந்தபோது, தேயிலைக்கு நடுவே திடீரென்று தரை மட்டமாக விரிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை ஓட்டுவதற்காக மலையை வெட்டிச் செய்த மைதானமாம். மூன்று பக்கம் தேயிலை. நாலாவது பக்கம் பள்ளத்தாக்கு. அங்கிருந்து காற்று மேல்நோக்கி வீசிக்கொண்டே இருந்தது. அந்தக் காற்றில் விமானம் எப்படி மிதக்கும் என்று நினைத்தபோது எனக்கு ஓட வேண்டும்போல இருந்தது. உண்மையாகவே ஓடினேன், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும். நடுவில் களிமண்ணால் அழகாகப் போட்டிருந்த கிரிக்கெட் பிட்ச் அப்போதுதான் கண்ணில் பட்டது.

மைதானத்துக்கு ஏற்கெனவே ஆள் இருந்தார்கள்.

தோட்டத்துக் கிரிக்கெட் டீமின் கேப்டன், தேயிலை பேக்டரியில் வேலை செய்யும் ஒரு இளைஞன். மரியாதையாகத்தான் பேசினான். ஞாயிறு காலையில் அவர்கள் ஆட்டம் தொடங்கும் முன் நாங்கள் பறக்கவிடலாம், ஆனால் பிட்ச்சில் கால் படக்கூடாது என்றான். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் சரி என்றார். இரண்டு மாதம் சொர்க்கம்தான்! நான் மாதா கோயிலில் முதல் பூசை முடிந்த கையோடு ஆட்டோவில் ஏறி, தலையில் போட்ட முக்காட்டோடே மைதானத்துக்குப் போய் இறங்குவேன்.

ஒரு ஞாயிறு, முதல் நாள் பெய்த மழையில் பிட்ச் ஊறிக் கிடந்தது. வங்கித் தம்பி இறக்கிய விமானத்தைக் காற்று தள்ள, அது பிட்ச்சின் நடுவில் மூக்கால் குத்தி, ஒரு முழ நீளத்துக்கு மண்ணைக் கிளறிவிட்டது. அன்று அவர்களுக்குப் பக்கத்துத் தோட்டத்தோடு மேட்ச்.

கேப்டன் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது. "டீச்சர், ஒங்களுக்கு இது ஞாயித்துக்கெழம பொழுதுபோக்கு. எங்களுக்கு இருக்கிறது இந்த ஒரே எடந்தான். கல்லு பொறுக்கி, மண்ணு சொமந்து நாங்க போட்ட பிட்ச்சு. இனிமே வேணாங்க" என்றான்.

விஷயம் துரை வரைக்கும் போனது. தலைக்கு மேல் சுற்றினால் பயமாக இருக்கிறது என்று கொழுந்து பறிக்கும் பெண்களும் முறையிட்டிருந்தார்கள். துரை எங்கள் இரு தரப்பையும் கூப்பிட்டார். "அடுத்த ஞாயிறு நானே வர்றேன். யாருக்கும் தொந்தரவில்லாம ஏத்தி எறக்கிக் காட்டுங்க. முடியலேன்னா அன்னைக்கோட சரி" என்றார்.

எங்கள் நாலு பேரில் இறக்குவதில் நான்தான் கெட்டிக்காரி என்று மற்ற மூவரும் முடிவு செய்துவிட்டார்கள். அந்தக் கிழமை முழுக்க வகுப்பில் முக்கோணம் வரையும்போதெல்லாம் எனக்கு அது இறக்கையாகத்தான் தெரிந்தது.

அந்த ஞாயிறு காலை வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. துரை ஜீப்பில் வந்து இறங்கினார். கிரிக்கெட் டீம் முழுவதும் வந்து வரிசையாக நின்றது. கைக்காசு நாள், அதாவது ஞாயிறென்றாலும் கூடுதல் வருமானத்துக்காகக் கொழுந்து பறிக்கும் நாள் அது. அதனால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், எங்களைவிட உயரமான மலையில் பெண்கள் நிரையாக நின்றார்கள். அவர்களுக்குக் கீழே, சரிவில், கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையிலும் ஆட்கள் கூடியிருந்தார்கள்.

எங்கள் புது விமானத்துக்குச் செம்மஞ்சள் நிறம். நான் ரிமோட்டை அழுத்தியதும் புல்லில் ஓடி, பள்ளத்தாக்கின் விளிம்பைத் தாண்டி, காற்று தூக்கிக்கொள்ள, ஒரே மூச்சில் மேலே போனது. டீம் பையன்கள் வாய்விட்டு "ஓ!" என்றார்கள். துரை தொப்பியைச் சரித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். ஒரு வட்டம். இன்னொரு வட்டம். சரி, இனி இறக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மூட்டம் வந்தது.

எங்கள் ஊர் மூட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளத்தாக்கிலிருந்து பால் பொங்குவதுபோலப் பொங்கி வந்தது. வழக்கமாகப் பின்னேரத்தில் வருவது, அன்று காலையிலேயே வந்துவிட்டது. கண் மூடித் திறப்பதற்குள் மைதானம் மறைந்தது, துரை மறைந்தார், என் பக்கத்தில் நின்ற போன் கடை அண்ணன் வெறும் நிழலானார். விமானம் எங்கோ மேலே இருந்தது. சத்தம் கேட்டது. ஆனால் நாலு மலையிலும் மோதித் திரும்பும் சத்தத்தை வைத்து அது எங்கே என்று எப்படிச் சொல்வது?

"டீச்சர், மோட்டார நிப்பாட்டிருங்க. விழுறது விழட்டும், வேற ஒண்ணு செஞ்சுக்கலாம்" என்றார் அண்ணன்.

"கீழ ஆளுங்க இருக்காங்கண்ணே!"

ஒரு கிலோ எடையுள்ள சாமான் அந்த உயரத்திலிருந்து ஒருவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும்? மைதானம், சங்கம் எல்லாம் என் மனதிலிருந்து போய்விட்டது. மெதுவாக இடது பக்கம் வட்டமிடும்படி வைத்துக்கொண்டு நின்றேன். பேட்டரி இன்னும் சில நிமிடங்கள் தாங்கும். அதற்குப் பிறகு அது தானாகவே விழும். வாய் தானாக மன்றாடத் தொடங்கிவிட்டது.

அந்த நேரம், மூட்டத்துக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல் நீளமாக இழுத்துக் கூப்பிட்டது.

"டீச்சரேய்ய்ய்! இங்கன இருக்கு! எங்களுக்குத் தெரியுதூஊஊ!"

எதிர் மலைப் பெண்கள்! அவர்கள் நின்ற உயரத்துக்கு மூட்டம் எட்டவில்லை. மூட்டத்துக்கு மேலே சுற்றும் விமானம் அவர்களுக்கு வெயிலில் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. ஆனால் நான் திருப்பிக் கத்தியது அவ்வளவு தூரம் போகவில்லை.

சட்டென்று யாரோ என்னைத் தாண்டி ஓடினார்கள். கேப்டன். மைதானத்தின் பள்ளத்தாக்கு விளிம்பில் போய் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான்.

"அக்காமாரே! அது எந்தப் பக்கம் பாத்துப் போகுதுன்னு சொல்லுங்க! பேக்டரிப் பக்கமா, கோயில் பக்கமா?"

இடது, வலது என்று அவன் கேட்டிருந்தால் எல்லாம் குழம்பியிருக்கும். அவர்களுடைய இடது வேறு, என்னுடையது வேறு, விமானத்துடையது வேறு. பள்ளத்தாக்கின் ஒரு முனையில் இருந்த பேக்டரியும் மறுமுனையில் இருந்த தோட்டத்துக் கோயிலும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

"பேக்டரீஈஈ!" என்று பத்துக் குரல் ஒன்றாக வந்தது.

"பேக்டரிப் பக்கங்க டீச்சர்!" என்று அவன் எனக்குத் திருப்பிச் சொன்னான்.

"கிரவுண்ட பாத்துத் திரும்புன ஒடனே சொல்லச் சொல்லுங்க தம்பி!"

அவன் கத்தினான். பிறகு மலையே கூவியதுபோல, "திரும்பிருச்சூஊஊ!"

வட்டத்தை நிறுத்தி நேராக விட்டேன். "வருது, வருது" என்று குரல்கள் சேர்ந்து வந்தன. உடனே, "ஐயோ, மரம்! மரம்! தூக்குங்க!" என்று அலறல். மேலே இழுத்தேன். மைதானத்துக்குப் பின்னால், மூட்டத்துக்கு வெளியே தலை நீட்டி நின்ற சவுக்கு மரங்களுக்கு மேலே அது உறுமிக்கொண்டு தாண்டிப் போனது எங்களுக்கே கேட்டது. நேரத்தோடு இறக்காமல் விட்டுவிட்டேன். மறுபடி வட்டம். மறுபடி பேக்டரி, மறுபடி கோயில். ரிமோட் எனக்கு வியர்வையில் வழுக்கியது. அண்ணன் தன் சால்வையால் என் கையைத் துடைத்துவிட்டார்.

"திரும்பிருச்சூஊஊ!"

இந்தத் தடவை நேராக்கியதும் மோட்டாரைக் குறைத்தேன். விமானம் சாய்ந்து இறங்க ஆரம்பித்தது.

"மூட்டத்துக்குள்ள போயிருச்சு! இனித் தெரியல!" என்றது அந்த முதல் குரல்.

நான் மோட்டார்ச் சத்தத்துக்கு மட்டும் காதைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பார்கள்.

"எந் தலைக்கு மேல!" என்று கேப்டன் வீறிட்டான். "நேரா வருது! எறக்குங்க டீச்சர், எறக்குங்க!"

வெள்ளைக்குள்ளிருந்து செம்மஞ்சளாக அது வந்தது! டீம் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு நாலா பக்கமும் சிதறினார்கள். நான் முழுதாக இறக்கினேன். புல்லில் ஒரு குதி, இரண்டு குதி, ஒரு சக்கரம் கழன்று தனியாக உருண்டு போனது, விமானம் வயிற்றால் சறுக்கிக்கொண்டே போய் நின்றது. பிட்ச்சுக்கு ஒரு கை தூரத்தில்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று தெரியவில்லை. வங்கித் தம்பியைப் பையன்கள் தோளில் தூக்கிவிட்டார்கள், அவர் ஒன்றுமே செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றவர்! கேப்டன் விளிம்பிலிருந்தபடியே "எறங்கிருச்சூஊ!" என்று கூவ, எதிர் மலையில் எழுந்த கூச்சலும் சிரிப்பும் வெகு நேரம் அடங்கவில்லை.

துரை மூட்டத்துக்குள்ளிருந்து மெதுவாக நடந்து வந்தார். தொப்பி கையில் இருந்தது. என்ன சொல்வாரோ என்று எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் கேப்டனைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே? கிரவுண்டு ஒங்களோடது" என்றார்.

கேப்டனுக்குக் குரலே கட்டிப்போயிருந்தது. விமானத்துக்கும் பிட்ச்சுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு கை இடைவெளியைப் பார்த்தான். சிரித்துவிட்டான். "இருக்கட்டுங்க சார். ஆனா ஆள் மலையில நிக்கிற பக்கம் ஏத்தக் கூடாது. மூட்டம் வாற மாதிரி இருந்தா தொடவே கூடாது. மேட்டுல எங்க ஆளு ஒருத்தன் நின்னு பாத்துச் சொல்லுவான்" என்றான். நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். போன ஞாயிறு நாங்கள் கிளறிவிட்ட பிட்ச்சுக்கு அன்று மண் சுமந்ததில் நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு, எங்களைப் பார்க்கவென்றே நாலைந்து பெண்கள் ஏறி வந்தார்கள். முதலில் குரல் கொடுத்த அக்கா யாரென்று நான் கேட்காமலே தெரிந்தது. பேசும்போது கரகரவென்று காற்றுதான் வந்தது. விமானத்தைப் பற்றித் துரையிடம் புகார் சொன்னவர்களில் தானும் ஒருத்தி என்று அவரே சொன்னார். விமானத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"அடியாத்தே, இம்புட்டு லேசா இருக்கு! இதுக்கா நாங்க இப்புடிக் கத்துனோம்?"

எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. எதற்காக உதவினீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அங்கன நீங்க கண்ணு தெரியாம நிக்கிறீங்க, எங்களுக்குத் தெரியுது. சொல்லாம எப்புடிங்க டீச்சர் இருக்கிறது?" என்றார்.

இன்றைக்கும் ஞாயிறு காலைகளில் அங்குதான் பறக்கவிடுகிறோம். இப்போது சங்கத்தில் பதினொரு பேர், அதில் மூன்று பேர் கிரிக்கெட் டீமிலிருந்து வந்தவர்கள். யாரோடாவது எனக்கு ஒத்துவராமல் போகும்போது, இவர்கள் எனக்கு எதிரி என்று மனம் முடிவு கட்டத் தொடங்கும்போது, எங்களை வேண்டாம் என்று சொன்ன அதே ஆட்கள்தான் அன்று எனக்காகத் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள் என்பதை நினைத்துக்கொள்வேன். அதற்கு மேல் யார்மீதும் கோபத்தை வைத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை.